பெயர் நீக்கம்

கருங்கல் தாலுகா ஆபீசில்
இறந்தவர் வயது என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

ஆதாரில் எண்பத்தொன்பது.
வாக்காளர் அட்டையில் தொண்ணூற்று மூன்று.
கல்லறைக்குப் பளிங்கு வெட்டுகிறவனிடம்
மூத்த அத்தான் றசலையன் சொன்னது தொண்ணூற்றேழு,
சும்மா, ஒரு கெத்துக்கு.
மாமி சொல்லும் கணக்கு வேறு:
"தொண்ணூத்தொன்பதாம் ஆண்டு வெள்ளம் வடிஞ்சு
அஞ்சாம் கொல்லம், சக்கை பழுக்க நேரம்."
கொல்லம் ஆண்டை நான் கிளார்க்குக்கு விளக்க
பின்னால் நின்றவர்கள் விடவில்லை.
தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

நேசபாய்.
கணவர் பெயர் அருளையன், காலம் சென்றவர்.
பீர்மேட்டுக்கு ஏலத் தோட்ட வேலைக்குப் போனார்,
திரும்பி வந்தது அவருடைய தகரப்பெட்டி.
ஐந்து பிள்ளைகள் வாசலில், ஆறாவது வயிற்றில்.
அந்த ஆறாவதைத்தான்
பின்னால் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

பெட்டி வந்த பதினேழாம் நாள்
புதுக்கடை ரோட்டில் அண்டியாபீசுக்குப் போனாள்.
வறுத்த அண்டியைத் தட்டி உடைத்தால்
ஓட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசியும்.
சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காரவேண்டும்.
சாம்பல் கொஞ்ச நேரம்தான் காவல்.
தோல் உரியும், வளரும், மறுபடியும் உரியும்.
முப்பத்தொரு வருஷம்.
மூன்றாம் கிளாஸ் வரை மலையாளம் படித்தவள்,
ஜெபம் தமிழில், ஏச்சு இரண்டிலும்,
கூலிக்காசை எண்ணுவது மட்டும்
எப்போதும் மலையாளத்தில்.
கணக்குத் தப்பாதாம்.

நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போக
எனக்கு மனசில்லை.
எண்ணெய்க் குப்பியில் கரியால் கோடு போட்டு வைப்பாள்.
என் அப்பா வந்தால் கடுங்காப்பி,
சர்ச் போதகர் வந்தால் பால்காப்பி.
ஒருமுறை ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.
காரணம் ஒரு நெய்மீன் தலை.
அதை யார் தின்றது என்று
இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அந்த ஏழாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சல்.
இவர் லாரியோடு பாலக்காட்டில்.
நடுராத்திரி கதவு திறந்தது.
கையை நெற்றியில் வைப்பாள் என்று கண்ணை மூடினேன்.
வைத்தது கன்னத்தை.
சுருங்கின, வெற்றிலை மணக்கிற கன்னம்.
"எனக்க கைக்குச் சூடு தெரியாது பிள்ளா"
என்றாள். வேறொன்றும் பேசவில்லை.
கஞ்சியில் நல்லமிளகு கூடிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு கவனித்தேன்:
கைக்குழந்தையின் குளிவெள்ளத்தை
அவள் முழங்கையால்தான் தொட்டுப் பார்த்தாள்.
கொதிக்கிற மரச்சீனிப் பானையை
துணியில்லாமல் இறக்கினாள்.
எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருபத்துமூன்றும்
காய்ச்சலென்றால் கன்னத்தைத்தான் நீட்டும்.
குவைத்தில் நர்சாக இருக்கும் ஷீபா
தெர்மாமீட்டருக்குப் பிறகும்
ஒருமுறை அப்படிப் பார்ப்பாளாம்.

ரேஷன் கடைக்கு மெஷின் வந்த வருஷம்
பத்து விரலையும் மாற்றி மாற்றி
அமுக்கிப் பார்த்தான் ஜெபின்.
ரேகை பொருந்தவில்லை, ரேகை பொருந்தவில்லை
என்று பெண்குரலில் அது சொல்லிக்கொண்டே இருந்தது.
வரிசையே எட்டிப் பார்த்தது.
மாமி விரல்களைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தாள்.
"அண்டியாபீசுல அடகு வச்சது மக்கா,
அவன் திருப்பித் தரல்ல."
நோட்டில் கையெழுத்துப் போட்டு
அரிசியைத் தானே சுமந்து வந்தாள்.

போன மாசம் செவ்வாய்க்கிழமை விடியற்காலம்
அவள் நெற்றியில் என் கன்னத்தை வைத்தேன்.
பிறகு போய் எல்லோரையும் எழுப்பினேன்.

"பேரு நீக்கியாச்சு" என்றான் கிளார்க்.
"இனி குடும்பத் தலைவி யாரு?"
இவர் என்னைப் பார்த்தார்.
"பெருவிரலை வையுங்க."

முதல் அமுக்கிலேயே பச்சை விளக்கு.
அவ்வளவுதானா என்று கேட்டேன்.
அவ்வளவுதான் என்றான்.
விரலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை,
படி இறங்கும்வரை
முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.